மணலில் ஓடிய கரடி

காட்டில் தேன் வியாபாரம் என்றாலே கொம்பையா கரடிதான். அவர் கடையிலிருந்து போகும் ஒவ்வொரு தேனடையையும் அவரே ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். "இதுக்கு ஒரு ஆள் வச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டால், "அடுத்தவன் நாக்கு எனக்கு ருசி சொல்லுமா?" என்பார். அந்தச் சாக்கில் தொப்பை வளர்ந்தது வேறு விஷயம்.

அந்த வருடமும் மழை பொய்த்துவிட்டது. இக்கரைக் காட்டுக்கும் அக்கரைக் காட்டுக்கும் நடுவே ஆற்றில் ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் மிச்சம். வருடா வருடம் இரண்டு காடுகளுக்கும் மடு வரை நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்கும் காடு முதலில் குடிக்கும். தோற்ற காட்டுக்குச் சேறுதான். இக்கரைக் காடு மூன்று வருடமாகச் சேறு குடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு தோல்வியைக் குட்டிகள் தாங்காது.

"கடையை நடத்தியவருக்குக் களத்தை நடத்தத் தெரியாதா?" என்று எல்லாரும் கூடி, கொம்பையாவை விளையாட்டுக் கழகத் தலைவராக்கினார்கள்.

முதல் நாளே செயலாளர் மயில் மாலையோடு வந்தது.

"தலைவரே, நமக்காக ஓடுற முயலை மிஞ்ச ஆள் கிடையாது. நேரம்தான் சரியில்லை. நீங்க மாலையைப் போட்டுக்கிட்டு மேடையில உட்காருங்க."

"பந்தயப் பாதையில நீங்க ஓடிப் பார்த்திருக்கீங்களா?"

"நானா! நான் செயலாளராச்சே!"

கொம்பையா மாலையைக் கழற்றி மயிலின் கழுத்திலேயே போட்டுவிட்டு ஓடக் கிளம்பினார். குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. பாதித் தூரம் புல், எப்படியோ சமாளித்தார். மீதி ஆற்று மணல். கால் புதைந்தது, உள்ளங்கால் பொசுங்கியது. மடுவுக்கு இருபது அடி முன்னால் தொப்பென்று விழுந்தார்.

விழுந்த இடத்திலிருந்தே முயலைக் கூப்பிட்டார்.

"பயிற்சி எங்கேம்மா எடுக்கிறே?"

"ஆலமரத்துப் புல்தரையில, ஐயா."

"ஏன் அங்கே?"

"வேடிக்கை பார்க்கிறவங்களுக்கு அங்கேதானே நிழல் இருக்கு."

கொம்பையாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வருடச் சேறு, நாலு பேர் வெயில் படாமல் உட்காருவதற்காகவா?

"நாளையிலேர்ந்து மணல்ல ஓடு. நானும் வர்றேன்."

"அப்போ எங்க ஆசனமெல்லாம்?" என்றது மயில்.

"ஆலமரத்தடியிலேயே இருக்கட்டும். ஓட்டம் இங்கே நடக்கும்."

ஒரு மாதம் இருவரும் ஓடினார்கள். முயலின் பாதம் காய்த்துப்போனது. கரடியின் தொப்பை பாதியானது. குரங்குகளும் சிரித்து அலுத்து, கரையில் நின்று உற்சாகம் கொடுக்க ஆரம்பித்தன.

பந்தய நாளில் அக்கரைக் காட்டு நரி மணலில் இறங்கியதும் வழக்கம்போல் பின்னால் திரும்பிப் பார்த்தது. முயலைக் காணோம். முன்னால் பார்த்தது. முயல் மடுவில் கால் நனைத்துக்கொண்டிருந்தது.

"முதல் வாய் நீங்கதான் குடிக்கணும், ஐயா" என்றது முயல்.

தவித்து நின்ற குட்டிகளைப் பார்த்தார் கொம்பையா. ஒரு விரலை நனைத்து நக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. குட்டிகளெல்லாம் முதல்ல குடிங்க."

எந்தப் பொறுப்புக்குப் போனாலும், பாதையைத் தன் காலால் அறிந்துகொள்பவரே மற்றவர்களை ஜெயிக்க வைப்பார்.