ஏறுவதற்கு மட்டும்

குறுக்குப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அந்த ஊரின் தீராத சங்கடமே அதுதான். கிணற்றில் குதி என்றால் எந்தப் பக்கமிருந்து என்று மட்டும் கேட்டுக்கொண்டு குதிப்பார்கள்.

அந்த ஊர்க் கலைவிழாவுக்குத் தையல்காரி தெய்வானை வருஷம் தவறாமல் போவாள். போவாள் என்றால், ஜெனரேட்டர் வரைக்கும். மண்டபத்துப் படிகளில் அவளுடைய சக்கர நாற்காலி ஏறாது. டீசல் புகையில் உட்கார்ந்து, உள்ளே கேட்கும் கைதட்டலை வைத்து ஆட்டம் எப்படி என்று கணித்துக்கொள்வாள்.

இந்த வருஷம் அவள் மகள் பவளக்கொடி முதல் தடவையாகத் தனியாகக் கரகம் ஆடப்போகிறாள். பாவாடையில் ஜிகினா முழுவதும் தெய்வானை தைத்தது. மகளின் ஆட்டத்தைக் காதால் மட்டும் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை. மாவட்ட அதிகாரி அம்மாவைப் போய்ப் பார்த்தாள். அதிகாரியும் ஊருக்கு வந்து விழாக்குழுவைக் கூட்டி, நிதானமாக, தெளிவாகப் பேசினார். குறுக்குப்பட்டியில் செய்யக்கூடாத காரியம் அது ஒன்றுதான்.

கலை எல்லாருக்கும் எட்டவேண்டும். சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் கட்டுங்கள். முன்வரிசையில் நாற்காலி ஒதுக்குங்கள். காது கேளாதவர்களுக்குச் சைகை மொழியில் சொல்ல ஆள் வருவார்; மற்ற பேச்சாளர்களுக்குச் செய்யும் மரியாதையெல்லாம் அவருக்கும் செய்யுங்கள். பார்வையில்லாதவர்களுக்கு என்ன நடக்கிறது என்று ஒருவர் அவர்களைப் பார்த்துச் சொல்லட்டும். முக்கியமாக, யாருக்கும் தனி வழி வேண்டாம். எல்லாரும் ஒரே மாதிரி உள்ளே வரட்டும். இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு நிம்மதியாக ஜீப்பில் ஏறிப் போனார்.

சாய்தளம் ஒரே வாரத்தில் எழும்பியது. குறை சொல்ல முடியாத சாய்தளம். விழா நாளில் தெய்வானை அதில் சர்ரென்று ஏறி உள்ளே போனபோது, எதிர்பார்த்த கோமாளித்தனம் எங்கே என்று அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அது முன்வரிசையில் காத்திருந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அவள் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் தன் வண்டியை நிறுத்தப்போனவளைச் செயலாளர் ஒச்சப்பன் மறித்தார்.

"இது ஒங்களுக்கு ஒதுக்குன நாற்காலி அக்கா."

"நான்தான் சொந்த நாற்காலியோட வந்திருக்கேன்ல தம்பி."

"அப்ப இது காலியாக் கெடக்குமே. அதிகாரியம்மா பாத்தா நீங்க வரலைன்னுல்ல நினைப்பாங்க?"

தலைவர் சுருளிராசுவும் வந்து, விஷயம் சிக்கலானதுதான் என்று ஒப்புக்கொண்டார். மூளை இருக்கிறவர்களோடு வாதாடினால் சீக்கிரம் முடியும். இவர்களோடு பொழுது சாயும். ஆறு மணிக்கு மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். தெய்வானை தானே நகர்ந்து சிவப்பு நாற்காலிக்கு மாறிக்கொண்டாள்.

அந்த நிமிஷமே ஒச்சப்பன் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்.

"எங்கப்பா கொண்டு போற?"

"எல்லாரும் ஒரே மாதிரி உள்ள வரணும்ல அக்கா. ஊர்ல சக்கர நாற்காலி இது ஒண்ணுதான் இருக்கு."

பக்கத்து ஜன்னல் வழியாகத் தெய்வானை எட்டிப் பார்த்தாள். படிக்கட்டை முள் வெட்டிப்போட்டு அடைத்திருந்தார்கள். சாய்தளத்தின் அடியில் ஊரே வரிசையில் நின்றது. முதலில், உள்ளேயிருந்து மறுபடி வெளியே போன தலைவர், மாலையும் கழுத்துமாக, வண்டியில் ஏறி வந்து இறங்கினார். அடுத்து அவர் மனைவி. அடுத்து ஓட்டப்பந்தயத்தில் மாவட்ட அளவில் பரிசு வாங்கிய வாலிபன், காலை மடக்கி அடக்கமாக உட்கார்ந்து வந்தான். நடந்து ஏறலாமே என்று யாரோ வெளியூர்க்காரர் கேட்டாராம். சக்கர நாற்காலி ஏறுவதற்கு என்றுதான் உத்தரவு, கால் ஏறுவதைப் பற்றிப் பேச்சே இல்லை என்று அவருக்கு விளக்கினார்கள். அவரும் வரிசையில் நின்றுவிட்டார். ஊர்த் தண்ணீர் அப்படி.

உள்ளே மற்ற உத்தரவுகளும் நிறைவேறிக்கொண்டிருந்தன. சைகை மொழிக்காரரின் இரண்டு கைகளுக்கும் பக்கத்தில் இரண்டு மைக் வைத்திருந்தார்கள். தலைவரின் வரவேற்புரைக்கு அவர் கை அசைத்தபோது பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று புகார் வந்து, சத்தத்தைக் கூட்டினார்கள்.

தெய்வானைக்கு அடுத்த நாற்காலியில் அருளானந்து இருந்தார். கண் தெரியாதவர், தவில் கேட்டால் தொடை தட்டாமல் இருக்கமாட்டார். அவருக்கு விவரிக்கக் குழு உறுப்பினர் மாயக்காள் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே நின்றிருந்தாள்.

"நீங்க சட்டையில மூணாவது பட்டன் போடல. இப்பக் காதைச் சொறியிறீங்க," என்றாள்.

"மேடையில என்ன தாயி நடக்குது?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? ஒங்களைப் பாத்துத்தான சொல்லச் சொல்லியிருக்கு?"

மணி ஐந்தைத் தாண்டியது. பாதி ஊர்கூட இன்னும் ஏறவில்லை. ஜன்னலுக்கு வெளியே, வரிசையின் கடைசியில், தலையில் கரகத்தோடு பவளக்கொடி நின்றாள். தைத்த ஜிகினா வெயிலில் பளபளத்தது. இந்த வேகத்தில் மகள் உள்ளே வருவதற்குள் மண்டபத்துக்காரர் பூட்டோடு வந்துவிடுவார்.

தெய்வானைக்கு அழுகை வந்தது. அப்புறம், இந்த ஊரில் அழுது ஆவது ஒன்றுமில்லை என்பது ஞாபகம் வந்தது. மூச்சிரைக்க வந்த ஒச்சப்பனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அதிகாரியம்மா எது எங்களுக்கு எட்டணும்னு சொன்னாங்க?"

"கலை எட்டணும்னாங்க."

"அந்தக் கலை வரிசையில கடைசியா நிக்குது பாரு."

ஒச்சப்பன் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "தலைவரே, கலையை வெளியில விட்டுட்டு ஆளை ஏத்திக்கிட்டிருக்கோம்!"

பவளக்கொடி அம்மாவின் வண்டியில் உட்கார்ந்து, தலையில் கரகம் அசையாமல் சாய்தளம் ஏறி வந்தாள். மடியில் தவிலை வைத்துக்கொண்டு தவில்காரர் அடுத்து வந்தார். நாயனக்காரர் வரும் வழியெல்லாம் வாசித்துக்கொண்டே வந்தார். பிறகு அவள் ஆடினாள். மூன்று அடி தள்ளி, புகை இல்லாமல், கண்ணால் பார்த்தாள் தெய்வானை. பார்த்ததை அருளானந்துவின் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். "இப்ப உக்காந்து சுத்துறா... கரகம் ஆடல, அண்ணே, ஆடவே இல்ல." அவர் தொடை சிவந்துவிட்டது.

ஆட்டம் முடிந்தது. தெய்வானை தன் வண்டிக்கு மாறி வாசலுக்கு வந்தாள். அங்கே அசையாமல் நின்றது கூட்டம்.

"என்னப்பா?"

"இது ஏறுற சாய்தளம் அக்கா," என்றார் ஒச்சப்பன். "எறங்குறதுக்கு யாரும் கட்டச் சொல்லலை. அடுத்த வருஷந்தான் கேக்கணும்."

தெய்வானை வண்டியைத் திருப்பினாள். முகம் மண்டபத்தைப் பார்த்தது. முதுகு சாய்தளத்தைப் பார்த்தது. மகள் பின்னால் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லு. நான் ஏறுற மாதிரி இருக்கா, எறங்குற மாதிரி இருக்கா?"

ஒச்சப்பன் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். "ஏறுற மாதிரித்தான்."

அம்மாவும் மகளும் பின்பக்கமாகவே இறங்கிப் போனார்கள். கலங்கி நின்ற ஊருக்கு வழி பிறந்தது. வண்டி போய்விட்டதே என்று ஒருவர் தயங்கினார். வண்டி இல்லாமல் ஏறத்தான் கூடாது, நாம் ஏறுகிற மாதிரி மட்டும்தானே போகிறோம் என்று அடுத்தவர் தெளிவித்தார். எல்லாரும் மண்டபத்தைப் பார்த்தபடி, பின்னடி வைத்து இறங்கத் தொடங்கினார்கள்.

உள்ளேயிருந்து அப்போதுதான் வாசலுக்கு வந்தார் தலைவர். சாய்தளம் நிறைய ஜனம். அத்தனை முகமும் மண்டபத்தைப் பார்த்து. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை கூட்டம் எந்த வருஷமும் வந்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு ஓடினார்.

தெருமுனைப் பரோட்டாக் கடை வரைக்கும் குழாய் ஒலிபெருக்கி கேட்டது. "வருக வருக" என்று தலைவர் வரவேற்புரையை முதலிலிருந்து தொடங்கினார். நடுநடுவே, காலியான மண்டபத்தைப் பார்த்து நின்ற மாயக்காளின் குரலும், சைகை மொழிக்காரரின் மைக் வழியாக, கடமை தவறாமல் வந்தது.

"மொத வரிசையில செவப்பு நாற்காலி ஒண்ணு இருக்கு. பக்கத்துலயும் செவப்பு. அதுக்குப் பக்கத்துலயும் செவப்புத்தான்."