மூடிய இலை

அந்த மடத்தில் குருவுக்கு வயது குறைவு, சீடருக்கு வயது அதிகம். குருவை ஊரே சாமியக்கா என்று கூப்பிடும். தலை முழுக்க நரைத்த சங்கரலிங்கமும் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் பதிலுக்கு இவரை அண்ணாச்சி என்பார். தாமிரபரணிக் கரையில் இதெல்லாம் யாருக்கும் வினோதமாகப் படுவதில்லை.

தன் தாயின் முதல் திவசத்துக்கு முந்தின நாள் சங்கரலிங்கம் ஒரு கருங்கல் பலகையைச் சுமந்துகொண்டு வந்தார்.

"அம்மை பேரு நிலைச்சு நிக்கணும் சாமியக்கா. சாப்பாட்டுக் கூடத்துச் சுவர்ல பதிச்சிரலாமா?"

சாமியக்கா வாசித்துப் பார்த்தார். ‘விரதச் செல்வி பூரணத்தம்மாள் நினைவாக.’

"என்ன விரதம் அண்ணாச்சி?"

"கடைசி வருஷம் முழுக்க ரெண்டு வாய் சோறுதான். உடனே இலையை மூடிருவா. ஊரே கையெடுத்துக் கும்பிட்டுச்சுல்லா!"

"ஏன் மூடுனாங்க?"

சங்கரலிங்கம் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சினைப்பையில கேன்சர். வாயுன்னு நெனச்சு ஓமத்தண்ணியாக் குடிச்சா. தெரியும்போது முத்திப்போச்சு."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் டாக்டருக்கும்தான். தங்கச்சி செண்பகத்துக்கிட்டகூட வயித்துப் புண்ணுன்னுதான் சொல்லிருக்கேன். அவ மகளுக்கு நிச்சயம் பண்ணப்போற நேரம். குடும்பத்துல கேன்சர்னா எவன் பொண்ணு எடுப்பான்? அதுவும் இது பொம்பளைச் சமாச்சாரம்."

சாமியக்கா கல்லைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல கல்லு. ஓரமா வையுங்க. நாளைக்குப் பொம்பளைங்க பந்திக்கு நீங்கதான் பரிமாறணும்."

நாம் ஒன்று கேட்டால் இவர் ஒன்று சொல்கிறாரே என்று சங்கரலிங்கத்துக்கு எரிச்சல். ஆனாலும் மறுநாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பந்தியில் முதல் இலை, சம்பந்தியாகப் போகிற உலகம்மாளுக்கு. பக்கத்தில் செண்பகம். சோறும் பருப்பும் வைத்துவிட்டு சாம்பார் வாளியோடு திரும்பி வருவதற்குள் செண்பகம் இலையை மூடியிருந்தாள்.

சங்கரலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"பாத்தீங்களா, அப்படியே எங்க அம்மைதான்! அதே விரதம்!"

பெண்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். விரதமாம் விரதம்!

சாமியக்கா எழுந்து வந்தார். செண்பகத்தின் முன்னால் உட்கார்ந்து, மூடிய இலையைத் திறந்தார். எந்த ஊர்ப் பந்தியிலும் யாரும் செய்யாத காரியம் அது. இலையில் ரெண்டு வாய் போக மீதிச் சோறு அப்படியே கிடந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"சித்திரையில இருந்து சாமியக்கா. ரெண்டு வாய் தின்னதும் வயிறு உப்பிருது. அடிக்கடி ஒண்ணுக்கு முட்டுது. வாயுதான். ஓமத்தண்ணி குடிக்கேன்."

இதே பேச்சை இதே வரிசையில் சங்கரலிங்கம் ஏற்கெனவே அம்மை வாயால் கேட்டிருக்கிறார். சாமியக்காவைப் பார்த்தார். உலகம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் சோற்றில் வைத்த கையோடு இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் கேளுங்க. எங்க அம்மை விரதம் இருக்கல. அவளுக்கு சினைப்பையில கேன்சர். இப்ப செண்பகம் சொன்னா பாருங்க, அதையேதான் அவளும் சொன்னா. நாங்க ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தோம். விரதம்னு பெருமை பேசுனோம். உங்கள்ல யாருக்காவது நாள்கணக்குல இப்படி இருந்தா, வெக்கப்படாம டாக்டர்கிட்ட போயி ஸ்கேன் எடுங்க. செண்பகம், எந்திரி. கையைக் கழுவு. இப்பவே போறோம்."

உலகம்மாள் எழுந்து கையைக் கழுவினாள். பாயசத்துக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டாள். சம்பந்தம் போச்சு என்று ஊரே முடிவு கட்டியது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சங்கரலிங்கத்தின் போன் அடித்தது. உலகம்மாள்தான்.

"எந்த ஆஸ்பத்திரி அண்ணாச்சி? எங்க அக்காவும் இதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடக்கா. கூட்டிட்டு வாரேன்."

செண்பகத்துக்கு இருந்தது அதே நோய்தான். ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். அறுவை சிகிச்சை முடிந்து அவள் வீடு திரும்பி, வயிறாரச் சாப்பிட்ட மறுநாள் சங்கரலிங்கம் மடத்துக்கு ஓடி வந்தார். ஓரமாக வைத்த கல் அங்கேயே இருந்தது.

"விரதச் செல்விங்கிறதை அழிச்சிட்டு, அம்மை பேரை மட்டும் வச்சுப் பதிச்சிரலாமா சாமியக்கா?"

அப்போது உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒருத்தி பக்கத்து இலைக்காரியை அதட்டுவது வெளியே கேட்டது.

"ஏட்டி, அதுக்குள்ள இலையை மூடுத? பூரணத்தம்மா கதை தெரியும்லா? நாளைக்கே போய்க் காட்டு. நானும் வாரேன்."

சாமியக்கா சங்கரலிங்கத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க அம்மை ஊரு ஊரா ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போய்க்கிட்டிருக்காங்க அண்ணாச்சி. அவங்களைக் கூப்பிட்டுச் சுவர்ல உக்கார வைக்கணுமா?"