பெயர் தொலைந்த சொல்

பாபிலோன் நாட்டில், பெரிய ஆற்றிலிருந்து பிரிந்த கால்வாய் ஒன்றின் கரையில் ஒரு பாடசாலை இருந்தது. அங்கே பாடம் உண்டு, புத்தகம் கிடையாது.

யூதர்களுக்குச் சட்டம் இரண்டு. ஒன்று தோல் சுருளில் எழுதி வைத்தது. மற்றது ஒருவர் வாயால் சொல்ல, இன்னொருவர் காதால் கேட்டு, மறுபடி வாயால் சொல்லிச் சொல்லி வருவது. இரண்டாவதை எழுதவே கூடாது என்று பெரியவர்கள் விதித்துவிட்டார்கள். விதித்தவர்கள் பாட்டுக்கு விதித்துவிட்டுப் போய்விட்டார்கள். யாராவது சுமக்க வேண்டாமா? அந்தப் பாடசாலையில் அதைச் சுமந்தவர் ஹனிலாய்.

ஹனிலாய்க்கு ஐம்பத்தைந்து வயது. அவருடைய ஆசிரியர் ரபீ தோபியாவுக்கு நாற்பதுதான். வயதில் சின்னவரிடம் சீடராக இருக்கிறோமே என்ற குறை ஹனிலாய்க்கு இருந்ததில்லை. யோசிப்பது ரபீயின் வேலை, சொல்வது தன் வேலை. அவ்வளவுதான் அவர் கணக்கு.

வாதம் முற்றும்போது யாராவது கூப்பிடுவார்கள். "ஹனிலாய், காணாமல்போன கழுதை விஷயம்!"

ஹனிலாய் கண்ணை மூடுவார். அவருக்குள் ஒரு ஆற்றங்கரை விரியும். வெயில் இல்லாத, நிழலும் இல்லாத, பால் மாதிரி வெளிச்சம். கரை நெடுக, காலைத் தண்ணீரில் விட்டபடி, சட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டு இறந்துபோன பழைய ரபீக்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஹனிலாய் அவர்களைக் கடந்து நடப்பார். கழுதையைப் பற்றிப் பேசியவர் முன்னால் நிற்பார். அவர் பெயரைச் சொல்லி, அவர் சொன்னதைச் சொல்வார். உடனே அந்த ரபீயின் உதடு அசையும்.

இறந்துபோனவரின் சொல்லை அவர் பெயரோடு சொன்னால் கல்லறைக்குள் அவர் உதடு அசையும் என்று அந்த ஊரில் எல்லோரும் நம்பினார்கள். ஹனிலாய் நம்பியதோடு நிற்கவில்லை, தினம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் சுமை சுமைதானே. ஒரு நாள் அவர் ஆசிரியரிடம் கேட்டார்.

"ரபீ, ஒரு விஷயத்தில் பத்துப் பேர் ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் வேறு விதமாகச் சொல்கிறார். பத்துப் பேர் சொன்னது சட்டமாகிறது. தோற்றுப்போன அந்த ஒருவரின் சொல்லை நான் ஏன் சுமக்க வேண்டும்?"

ரபீ தோபியா பேரீச்சம் பழம் தின்றுகொண்டிருந்தார். கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்.

"பாரமாக இருந்தால் இறக்கி வையும். எங்கே வைத்தீர் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்."

முதல் பாதி ஹனிலாய்க்கு இனித்தது. அதோடு காதை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து தோற்றவர்களை அவர் சொல்லவில்லை. பாடம் லேசாயிற்று. அந்த வருடம் காய்ச்சல் வந்து, மனனம் செய்திருந்த இன்னொருவர் இறந்துபோனார். புதிதாகக் கற்றவர்கள் ஹனிலாயிடமே கற்றார்கள். அவர் சொன்னதைத்தானே அவர்கள் கேட்க முடியும்? ஆறு வருடம் ஓடிவிட்டது.

*

பஸ்கா பண்டிகைக்குச் சில நாட்கள் இருக்கும்போது தோனாக் என்ற பெண் வந்தாள். பேரீச்சம் பழத்தில் மது காய்ச்சி விற்பவள். வெயிலில் நடந்து வந்த முகம். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"என் புருஷன் ஹாமா படகோடு கரை தெரியாத அந்தச் சதுப்பேரியில் போய் எட்டு வருஷம் ஆகிறது, ரபீ. படகு கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. நான் யார் என்று எனக்குச் சொல்லுங்கள். புருஷன் உள்ளவள் என்றால் அவரைக் கொண்டுவந்து காட்டுங்கள். விதவை என்றால் என்னை விடுங்கள்."

"உன்னைக் கேட்டு யாராவது வந்திருக்கிறார்களா அம்மா?"

"கயிறு திரிக்கிறவர் ஒருவர். தாயில்லாத பிள்ளைகள் இரண்டு அவருக்கு. பண்டிகை வரைக்கும் பார்ப்பேன் என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே." அவள் குரல் இறங்கியது. "சின்னது என்னை அம்மா என்றே கூப்பிடுகிறது. திரும்பிப் பார்க்கலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை."

அந்தச் சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாலு பக்கமும் கரை தெரிகிற நீரில் மூழ்கி எழாதவன் இறந்தவன். கரை தெரியாத நீரில் மூழ்கியவன், யார் கண்டது, வேறு கரையில் ஏறியிருக்கலாம். அவன் மனைவி காத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்றால், சாகும்வரை.

ரபீ தோபியா ஹனிலாய் பக்கம் திரும்பினார்.

"இதில் வேறு விதமாகச் சொன்னவர் உண்டா?"

இருந்தார். ஒருவர் இருந்தார். ஹனிலாய் இளைஞனாக இருந்தபோது தன் பழைய ஆசிரியரிடம் கேட்டது. சொல் அப்படியே வந்தது: கரை தெரியாத நீருக்கும் காலம் என்ற கரை உண்டு, ஏழு வெள்ளம் வந்து வடிந்தும் திரும்பாதவன் இறந்தவன், அவள் போகலாம். வருடத்துக்கு ஒரு வெள்ளம்; ஹாமா போய் எட்டு ஆகிவிட்டது.

சொல் வந்தது. பெயர் வரவில்லை.

பெயர் இல்லாமல் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. நெருக்கடியில் நீதிபதிகள் தோற்றுப்போன ஒரு கருத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அதைச் சொன்னவர் யார் என்று தெரிந்தாக வேண்டும். ஆளுக்கொரு சொல்லை உருவாக்கிக்கொண்டு வந்தால் என்ன ஆவது?

"நாளைக்குச் சொல்கிறேன், ரபீ," என்றார் ஹனிலாய்.

*

மதியம் கால்வாய்க் கரையில் ஒரு பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். நடந்தார். வெகு தூரம் நடந்தார். ஆறு வருடமாக அவர் போகாத பக்கம் அது. அங்கே புல் வளர்ந்து கிடந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். ஒருவரும் கோபப்படவில்லை. அதுதான் அவருக்கு அழுகையாக வந்தது.

கடைசியில் அந்த மனிதரைக் கண்டுபிடித்தார். மெலிந்த உடம்பு, ஈரமான அங்கி, மூடிய உதடுகள்.

"ஐயா, நீங்கள்தானே? உங்கள் பெயர் என்ன?"

அந்த மனிதர் சிரித்தார். தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். அது திறக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திறக்கும். கூப்பிட ஆள் இல்லை.

அவர் பக்கத்தில் ரபீ ஓசியா உட்கார்ந்திருந்தார். எல்லாப் பாடசாலைகளிலும் போற்றப்பட்ட பெரிய மனிதர். நாலு நாட்டில் யாராவது சொல்லிக்கொண்டே இருந்ததால் அவர் உதடு ஓயவே இல்லை. ஹனிலாய்க்கு ஒரு எண்ணம் வந்தது. ரபீ ஓசியா சொன்னார் என்றால் எந்த நீதிபதி மறுப்பார்? ஹனிலாய் சொன்னால் எவர் சரிபார்ப்பார்? அவள் பிழைத்துப்போவாள்.

சும்மா சொல்லிப் பார்த்தார். "ரபீ ஓசியா சொன்னார், கரை தெரியாத நீருக்கும்..."

ஓசியாவின் உதடு அதற்கும் அசைந்தது. மெலிந்த மனிதர் அதைக் கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் துடைத்துவிட்டு, வெளிச்சத்துக்குள் நடந்து போனார்.

"போகாதீர்கள்!" என்று கத்திக்கொண்டு ஹனிலாய் விழித்தார். கால்வாயில் துணி வெளுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

*

மறுநாள் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். ரபீ தோபியா, பக்கத்து ஊர் ரபீ அவிமி, மூத்தவரான ரபீ எல்யாகீம். எதிரே தோனாக் நின்றாள். பாடசாலை முழுக்கக் கூடியிருந்தது.

ஹனிலாய் அந்தச் சொல்லைச் சொன்னார்.

"யார் சொன்னது?" என்று கேட்டார் எல்யாகீம்.

ரபீ ஓசியாவின் பெயர் நாக்கின் நுனிவரை வந்தது. தோனாக் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது," என்றார் ஹனிலாய். "பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. தோற்றவர்தானே என்று ஆறு வருடம் சொல்லாமல் விட்டேன். போய்விட்டது. என் குற்றம்."

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. தோனாக் முகத்தை மூடிக்கொண்டாள்.

ரபீ தோபியா கேட்டார். "இது நீர் நினைத்ததா, கேட்டதா?"

"கேட்டது, ரபீ. கடவுள் சாட்சி."

"சொன்னவர் பெயர் தெரியாது. கேட்டவர் பெயர்?"

"கேட்டவன் நான். என் பெயர் எதற்கு? நான் சுமக்கிற கூடை. கூடைக்குக் கருத்து உண்டா?"

"கூடைக்குப் பெயர் உண்டு அல்லவா? 'ஹனிலாய் கேட்டார், சொன்னவர் பெயரைத் தொலைத்தார்.' இந்தச் சொல் இருக்கும்வரை இப்படித்தான் சொல்வார்கள். நீர் செத்து முந்நூறு வருடம் ஆனாலும் இதைச் சொல்லும்போதுதான் உம்முடைய உதடு அசையும். சம்மதமா?"

ஒரு எழுத்துப் பிசகாதவர் என்று பெயர் வாங்க நாற்பது வருடம் ஆகியிருந்தது ஹனிலாய்க்கு. தோனாக்கைப் பார்த்தார். அவள் விரல்கள் மது காய்ச்சிக் காய்ச்சிக் கறுத்திருந்தன.

"சம்மதம்," என்றார்.

"அப்படியானால் எனக்குப் போதும்," என்றார் அவிமி. "அவள் போகலாம்."

எல்யாகீம் தோனாக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இவளைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஆனால் பெயரில்லாத சொல்லை ஒரு தடவை உள்ளே விட்டால், நாளைக்கு யார் யாரோ எதையெதையோ கேட்டேன் என்று வருவார்கள். நாளைக்கு ஹாமா வந்து கதவைத் தட்டினால் இவள் என்ன செய்வாள்? நான் கூடாது என்கிறேன்."

"போகலாம்," என்றார் ரபீ தோபியா.

இரண்டுக்கு ஒன்று. தோனாக் அப்படியே தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். அவளை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

தீர்ப்பை அங்கேயே ஒரு தடவை உரக்கச் சொல்லி எல்லோர் காதிலும் போட்டுவிடுவது அவர்கள் வழக்கம். ஹனிலாய் எழுந்தார். கண்ணை மூடினார்.

"கரை தெரியாத நீருக்கும் காலம் என்ற கரை உண்டு; ஏழு வெள்ளம் வந்து வடிந்தும் திரும்பாதவன் இறந்தவன்; அவள் போகலாம். ஹனிலாய் கேட்டார்; சொன்னவர் பெயரைத் தொலைத்தார். இதைக் கொண்டு தோபியாவும் அவிமியும் ஹாமாவின் மனைவி தோனாக்கை விடுவித்தார்கள்."

உட்காரப் போனார்.

"மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்," என்றார் ரபீ தோபியா.

எல்யாகீம் தலையைக் குனிந்துகொண்டார். தோனாக்கின் அழுகை நின்றது. ஹனிலாய் குரலைத் தாழ்த்தினார்.

"ரபீ, அவர் சொன்னது தோற்றுவிட்டது. இந்தப் பெண்ணைக் காலமெல்லாம் கட்டிப்போட்டிருக்கும் சொல் அது. இவள் காது கேட்க, அதையும் நான் சுமக்க வேண்டுமா?"

ரபீ தோபியா கோபப்படவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிதான் கேட்டார்.

"ஏழு வெள்ளம் என்று சொன்னாரே ஒருவர், அவர் பெயர் என்ன, ஹனிலாய்?"

ஹனிலாய் மறுபடி கண்ணை மூடினார். "எல்யாகீம் கூடாது என்றார்," என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார்.