கஸ்பார் மாமா பதில் சொன்ன மாலை

கடைசியில் உங்களைச் சிரிக்கவைப்பேன், சத்தியம். ஆனால் இப்போதே பல்லைக் காட்டிவிடாதீர்கள். நடுவில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் சிரிப்புக்குப் போகவேண்டும்.

எங்கள் கடற்கரை ஊரில் என் தொண்டைக்குள் வராத குரல் இல்லை. பங்குச் சாமியார் பிரசங்கத்தை மூக்கால் இழுப்பது, மாவு மில்காரர் பேச்சுக்கு நடுவே இருமுவது, எல்லாம் வரும். அதில் உச்சம், கஸ்பார் மாமா. மீன் ஏலம் கூறியவர். வாய்க்குள் கூழாங்கல் உருளுவதுபோலப் பேசுவார். சர்க்கரை நோய் முதலில் அவர் காலை எடுத்தது, போன வருஷம் ஆளையே எடுத்துவிட்டது.

என் அக்கா பெனிட்டா கட்டடக்கலை படிக்கிறாள். கடைசி வருஷப் புராஜெக்டாக எங்கள் கல்லறைத் தோட்டத்தையே எடுத்துக்கொண்டாள். இடம் போதவில்லை, தோட்டத்தைப் பெரிதாக்கி உள்ளே ஒரு சிற்றாலயமும் கட்டவேண்டும். பிளான் நன்றாக வந்தால் அதன்படியே கட்டிவிடலாம் என்று சாமியாரும் சொல்லியிருந்தார். கிழக்கு மதிலை உடைத்து, வெளியே முள் நிறைந்த உடைமரம் ஒன்று நிற்கும் வெற்று மணலில் ஆலயத்தை வைத்தாள் அக்கா. பீடத்துக்குப் பின்னால் கடல் தெரியும். பேராசிரியர் சொக்கிப்போனார்.

ஒரு சாயங்காலம் அளவெடுக்கப் போனோம்.

"எலே, டேப்ப ஒழுங்காப் பிடி. கல்லறை மேல ஏறாத."

"ஏறினா செத்தவங்க கோவிப்பாங்களோ?"

"அவங்க கோவிக்கமாட்டாங்க. நான் முதுகுல போடுவேன்."

தண்ணீர் பாட்டிலை எடுத்துவருகிறேன் என்று நழுவினேன். மதிலை ஒட்டியிருந்த கஸ்பார் மாமாவின் கல்லறைக்குப் பின்னால் போய்ப் பதுங்கினேன். கொசு மொய்த்தது. கன்னத்தில் உட்கார்ந்த ஒன்றைப் பட்டென்று அறைந்தேன். நல்லவேளை, தூரத்தில் நின்ற அக்கா திரும்பவில்லை.

குரலை அடித்தொண்டைக்கு இறக்கினேன். "யாரு தாயி, எங்க தலைமாட்டுல அளக்கது?"

அக்காவின் கையிலிருந்து டேப் விர்ரென்று சுருண்டுபோய் விழுந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள், விரல் நெற்றிக்கும் நெஞ்சுக்கும் நடுவே வழி தெரியாமல் அலைந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இன்னும் ஒரு நொடிதான், குதித்து வெளியே வந்திருப்பேன்.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம், ஆளே இல்லை என்று நினைத்திருந்த மணலிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"நீங்களா பேசுதீங்க?"

செலஸ்தீனா மாமி. கஸ்பார் மாமாவின் மனைவி.

"ஞானஸ்நானம் கொடுக்கிறதுக்கு முன்னால போயிட்டான்னு நம்ம பிள்ளைய மதிலுக்குள்ள விடல. இந்த உடைமரத்து மூட்டுல உங்க கையாலதான் குழி தோண்டினீங்க. இப்ப அவன் மேல அஸ்திவாரம் போடப்போறாங்களாம். நான் சொன்னா, என்ன அடையாளம் இருக்குன்னு கேக்காங்க. நீங்க சொல்லுங்க. தோண்டலாமா?"

அக்கா அசையாமல் நின்றாள். பேசாமல் இருந்தால், செத்தவர் கைவிட்டதாக ஆகிவிடும். பேசினால், ஒரு பிணத்தின் வாயால் பொய் சொன்னவன் ஆவேன்.

"வேண்டாம்" என்றேன்.

"பிள்ள உங்ககூடத்தான இருக்கான்? சுகமா இருக்கானா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் யார்? காற்றுகூட எனக்காகக் காத்திருப்பதுபோல இருந்தது.

"சுகமா... இருக்கான்."

பிறகு மாமி சொன்னாள்: "சரி. இங்க கொசு ஜாஸ்தி. நேரத்தோட போய்ச் சேருங்க."

மதில் விளிம்பில் ஒரு கை மட்டும் எழுந்தது. ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்துவிட்டு மறைந்தது. அக்கா "மாமி!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நான் பொட்டலத்தை அள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினேன். உள்ளே மக்ரூன், முந்திரியும் சர்க்கரையும் சேர்த்துச் சுடும் இனிப்பு. எனக்கு உயிர். பல் கிடுகிடுக்க அத்தனையும் தின்று தீர்த்தேன்.

அக்கா பிளானை மாற்றிவிட்டாள். புது மதில் உடைமரத்தையும் தாண்டிப் போனது. ஆலயம் வாசல் பக்கம் வந்தது. மரத்தடியில் எதுவும் கட்டவில்லை, உட்கார ஒரு கல் பெஞ்சு மட்டும். "என்னம்மா இது? கடலையே தொலைச்சிட்டியே!" என்று பேராசிரியர் குதித்தாராம். (இந்தக் குரலும் எனக்கு வரும்.) "அங்க ஒரு பிள்ளை படுத்திருக்கு சார்" என்பதற்கு மேல் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மார்க் போயிற்று. சாமியார் மட்டும் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இப்படியே கட்டலாம் என்றார்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. கஸ்பார் மாமா குரலை எடுப்பதையே விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் மாமியின் ஆறுதல் போகும், அஸ்திவாரமும் பிள்ளை மேல் திரும்பி வரலாம். சொல்லாவிட்டால், அந்தப் பதில் என் வாயிலேயே கிடக்கும்.

பிணத்தின் குரலில் பொய் சொல்லி ஒரு குழியைக் காத்தவன் நான். யாருடையது என்று தெரியாத குரலை நம்பி, தன் மார்க்கை இழந்தவள் அக்கா. உயிரோடிருப்பவர்களிடம் கேட்டுச் சலித்து, செத்தவரிடம் நியாயம் கேட்டவள் மாமி. இதில் யார் செய்தது சரி?

விடை: முதலில் ஏமாந்தது யார் என்று பாருங்கள். அக்கா ஏமாந்தாள் என்றால் பாதிதான் உண்மை. குரல் பொய்யானாலும் அங்கே பிள்ளை இருந்தது, அவள் மாற்றியது சரிதான். மாமியா? கல்லறைத் திருநாளன்று நான் ஒளிந்து ஒளிந்து நடந்தும் விடாமல் பிடித்துவிட்டாள். கையில் ஒரு மக்ரூன் பொட்டலத்தைத் திணித்தாள். "சர்க்கரைக்காரரு. உயிரோட இருந்தப்போ இத அவர் கண்ணுலயே காட்டினதில்ல, செத்தப்புறமா குடுப்பேன்? நல்ல பதில் சொன்னல்ல, தின்னு" என்றாள். பிறகு குனிந்து, ரகசியமாக: "அன்னைக்கு மதிலுக்கு வெளிய நின்ன எனக்கே கேட்டுச்சே ஒரு அறை. கொசு செத்துதா மருமவனே?"

என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. இப்போது சிரித்துக்கொள்ளுங்கள்.