மைக்கை விடாத டிரைவர்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில், மின்அலையைக் கணினித் திரையில் காட்டும் புது ஆசிலோஸ்கோப்புக்குத் திறப்பு விழா. திரையில்தான் அலையைக் காணோம். துறைத்தலைவர் ஆவுடையப்பன் முன்பு கணினியில் ஏற்றிவைத்த பழைய டிரைவர், அதாவது கருவியைக் கணினியோடு இணைக்கும் மென்பொருள், கருவியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை; பிரின்சிபால் வாங்கிய புது டிரைவரால் கருவியை நெருங்க முடியவில்லை.

“நான் போட்டதுல கை வைக்கக் கூடாது. நான் பேசி முடிக்கிறதுக்குள்ள அலை வரணும். வரலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்” என்று லேப் அசிஸ்டன்ட் செண்பகவல்லியிடம் சொல்லிவிட்டு ஆவுடையப்பன் மைக்கைப் பிடித்தார்.

பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அடுத்துப் பேச வேண்டிய பிரின்சிபால் பின்னால் கால் மாற்றி மாற்றி நின்றார். சிறப்பு விருந்தினர் பொறுக்கமாட்டாமல் செண்பகவல்லியிடம், “என்னம்மா கோளாறு?” என்றார்.

அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்: “கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு டிரைவருங்கய்யா, ஒரே மைக்குக்கு ரெண்டு பேரு மாதிரி. முதல்ல பிடிச்சவரு விடமாட்டேங்காரு. அடுத்தவரு பாவம், நின்னுக்கிட்டே இருக்காரு. பிடிச்சவரைத் தொடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு.”

முதலில் சிரித்தது பிரின்சிபால். ஆவுடையப்பன் மைக்கை வைத்துவிட்டு, “அதை எடுத்துரும்மா” என்று முணுமுணுத்தார். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

பழைய டிரைவரை நீக்கியதும் அலை வந்தது. அந்தக் கல்லூரியில் ஒரு விழா சாப்பாட்டு நேரத்துக்கு முடிந்தது அன்றைக்குத்தான்.