மிச்சம் வைக்காத பேச்சி

ஒரு ஊர்ல ஒரு பேச்சி இருந்தா. உன்னை மாதிரியே, பிடிச்சா பிடிதான். அவ தங்கச்சிக்கு அனலாக் காய்ச்சல், நாக்கெல்லாம் வறண்டுபோச்சு. வீட்ல பொட்டுத் தண்ணி இல்ல. ஊர்க் கிணத்தை ஒரு பூதம் மூடிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. பேச்சி குடத்தைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு அதுகிட்டயே போய் தங்கச்சிக்குத் தண்ணி கேட்டா. ம் சொல்லு.

அப்போ பூதம் ரெண்டு மூட்டையை அவிழ்த்துச்சு. வெள்ளைக் குண்டெல்லாம் ஹைட்ரஜன், சிவப்புக் குண்டெல்லாம் ஆக்சிஜன். ரெண்டுமே ஜோடி ஜோடியாத்தான் ஒட்டிக்கிட்டிருக்கும், ஜோடியாத்தான் எடுக்கணும். நடுவுல ஒரு சிவப்பு, ரெண்டு பக்கமும் முயல் காது மாதிரி வெள்ளை, இப்படி மாட்டினா அது தண்ணி. குடத்துல போட்டா குடம் ரொம்பிடும். ஆனா எடுத்த குண்டு ஒண்ணுகூட மிஞ்சக் கூடாதுன்னுச்சு பூதம்.

பேச்சி வெள்ளையில ஒரு ஜோடி, சிவப்புல ஒரு ஜோடி எடுத்து டக்கு டக்குன்னு மாட்டினா. தண்ணி ஆயிடுச்சு, ஆனா ஒரு சிவப்பு மிஞ்சிடுச்சே. கள்ளி, அதைப் பாவாடை மடியில ஒளிச்சுக்கிட்டா. எழுந்ததும் டொக் டொக் டொக்னு அது பூதத்தோட காலடிக்கே உருண்டு ஓடுது. பூதம் எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுடுச்சு. பேச்சிக்கு அழுகை முட்டுது, ஆனா நகரல.

அப்புறம் அந்தச் சிவப்பையும் நடுவுலயே சேர்த்து மாட்டினா. மிச்சமே இல்ல. குடத்துல போட்டா புஸ்ஸ்ஸுன்னு நுரை பொங்குது. நடுவுல ரெண்டு சிவப்பு இருக்கு பாரு, இது புண்ணு கழுவுற மருந்து, உன் தங்கச்சி குடிச்சா தொண்டை வெந்துடும்னு பூதம் சொல்லுச்சு. இதுவரைக்கும் ஒருத்தராலயும் முடியல, நீயும் வீட்டுக்குப் போன்னுச்சு.

"தண்ணி இல்லாம போக மாட்டேன்"னா பேச்சி.

ம்... கண்ணு சொக்குதா? இன்னும் கொஞ்சந்தான்.

அப்போ அவ நல்லா யோசிச்சா. தண்ணிக்குள்ள இன்னொண்ணைச் சொருகினா அது தண்ணியா இருக்காது. மிஞ்சின சிவப்புக்கும் ரெண்டு காது வேணும், அவ்வளவுதானே? வெள்ளையில இன்னொரு ஜோடி எடுத்தா. டக்கு, டக்கு. ரெண்டு தண்ணி. மிச்சம் ஒண்ணுமில்ல. முன்னாடி வந்தவங்க எல்லாம் ஒரு குடத்துக்கு மட்டுமே கணக்குப் போட்டாங்க, அதான் அவங்களுக்கு வரல.

ஒண்ணைப் போட்டதும் குடம் களக்குனு ரொம்பிடுச்சு. இன்னொண்ணு கையில இருக்கு. பேச்சி பூதத்தை நிமிர்ந்து பார்த்தா, பாவம், தாகத்துல அது உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. கிணத்தை எட்டிப் பார்த்தா உள்ள வெறும் மண்ணு. அந்தத் தடி விரலால அதுக்குக் குண்டு மாட்டவே வரலையாம்.

"இது உனக்கு"ன்னு பூதத்தோட வாயில போட்டா பேச்சி.

பூதம் மடக் மடக்னு குடிச்சுது. குடிச்சுட்டு ரெண்டு மூட்டையையும் அவ தோள்லயே தூக்கி வச்சுது. தங்கச்சி அன்னைக்கு வயிறு குளிரக் குடிச்சா, உடம்பும் தேறிடுச்சு.

கதை கரையேறிடுச்சு. தண்ணி குடிச்சுட்டுக் கண்ணை மூடு.