சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

திருநெல்வேலிப் பக்கம் சங்கரபாண்டியன் என்று ஒரு மில் முதலாளி. எவ்வளவு வைத்தியம் பார்த்தும் அவருக்குச் சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர், டயட்டீஷியன், சமையல்காரர் மூவரையும் வீட்டுக்கு வரவழைத்து, மனைவி முன்னாலேயே கத்தித் தீர்த்தார். பிறகு டிரைவர் முப்பிடாதியைக் கூப்பிட்டார்.

"இவங்கள்ல யாருடா தண்டம்? ஒரு ஆளைச் சொல்லு. இல்லேன்னா உன் வேலை போச்சு."

முப்பிடாதி நிதானமாகச் சொன்னார்: "டாக்டரய்யா சோதிச்சு மாத்திரை தாராக. டயட்டீஷியனம்மா எதை எவ்வளவு சாப்பிடணும்னு சொல்லுதாக. சமையல் அண்ணாச்சி அதை அப்படியே பொங்கிப் போடுதாரு. அவங்க மேல குத்தமில்ல. என்னையவே அனுப்பிருங்க முதலாளி. வாக்கிங்னு கிளம்புத உங்களத் தினமும் அல்வாக் கடையில இறக்கிவிடுதது நான்தானே?"

முதலாளியம்மா மெல்லக் கணவர் பக்கம் திரும்பினார்.

யாருக்கும் வேலை போகவில்லை. மறுநாள் வாக்கிங்குக்கு அம்மாவும் காரில் ஏறிக்கொண்டார்.